சி.ஜே.டி. என்று சொல்லிவிட்டார்கள்; இனி ஆஸ்பத்திரியில் என்ன கேட்பது?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியை, அவர் சொன்னபடியே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 64 வயது. மூன்று மாதத்துக்கு முன்புவரை வீட்டு வரவு செலவை எழுதியவர் அவர்தான். முதலில் நடை தள்ளாடியது. அப்புறம் பெயர்கள் மறந்தன. இப்போது யாரையும் அடையாளம் தெரியவில்லை, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. மூளையை வேகமாகக் கெடுக்கும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய், அதாவது சி.ஜே.டி., வைத்தியம் கிடையாது என்கிறார்கள். தனி அறையில் போட்டிருக்கிறார்கள், நர்ஸ்கள் உள்ளே வரத் தயங்குகிறார்கள். வைத்தியமே இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் எதற்கு வைத்திருக்க வேண்டும்? மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்கிறார்களே, போடலாமா? எங்களுக்கும் வருமா என்று தம்பி கேட்கிறான்.

நான் நரம்பியல் வார்டிலும் பிறகு, குணமாகாத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் பிரிவிலும் நர்ஸாக வேலை பார்த்தவள். நோயை நிறுத்த மருந்து இல்லை என்று உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். குயினக்ரின், டாக்சிசைக்ளின் என்று சில மருந்துகளை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். எதுவும் ஆயுளைக் கூட்டவில்லை. புதிய வகை மருந்துகள் இப்போதுதான் ஆரம்பகட்டப் பரிசோதனையில் இருக்கின்றன. ஆனால் "மருந்து இல்லை" என்று சொன்ன மறுநாளிலிருந்து ரவுண்ட்ஸில் டாக்டர்கள் வாசலோடு திரும்பிப் போவார்கள் பாருங்கள், அதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். இந்த நோயாளிக்கு வார்டில் வேலை குறைவு என்று நினைத்தால் அது தப்பு. சாதாரண நோயாளியைவிட அதிகம்.

அதற்குக் காரணம் நோயின் வேகம். மூளையில் இயல்பாகவே இருக்கிற ஒரு புரதம் தப்பாக மடிந்துகொள்கிறது. அப்படி மடிந்தது தன் பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடிய வைக்கிறது. இதற்கு பிரியான் என்று ஸ்டான்லி புருசினர் 1982-இல் பெயர் வைத்தார், 1997-இல் நோபல் பரிசும் வாங்கினார். கிருமி இல்லாமல், மரபணுப் பொருளே இல்லாமல், வெறும் புரதம் நோயைப் பெருக்கும் என்பதை விஞ்ஞானிகளே நம்ப நெடுநாள் ஆயிற்று. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் இந்த நோய் வருகிறது. வந்தவர்களில் பாதிப் பேர் ஐந்தாறு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். பத்தில் ஒன்பது பேர் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. மற்ற மறதி நோய்களில் குடும்பத்துக்கு வருடக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். இதில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்து அது வந்து சேரும்போது நோயாளி படுத்த படுக்கையாக இருப்பார். பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருக்கும்போதே பேச்சு நின்றுவிடும். அதனால் இந்த நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்றால், இன்றைய பிரச்சினையோடு, இரண்டு வாரம் கழித்து வரப்போவதையும் இன்றைக்கே பேசி வைப்பது. நான் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் ஒரு விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சி.ஜே.டி. போலவே வேகமாக மூளையைக் கெடுக்கிற, ஆனால் குணப்படுத்தக்கூடிய சில நோய்கள் உண்டு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் என்செபலைடிஸ் அதில் முக்கியமானது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும், முகமும் கையும் ஒரே பக்கமாகச் சட்டென்று வெட்டி இழுக்கும். ஸ்டிராய்டு போன்ற மருந்துகளில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பி12 குறைபாடு, ஈரல் கோளாறு, மூளையில் ஒரு வகைப் புற்றுநோய், வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் வலிப்பு, மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை உடம்பில் தேங்குவது எல்லாமே இதே வேடத்தில் வரலாம். எனவே டாக்டரிடம், "இவையெல்லாம் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் படத்தில் மூளையின் ஓரம் ரிப்பன் போல வெள்ளையாகத் தெரிந்ததா? முதுகுத் தண்டு நீரில் ஆர்.டி.-குவிக் என்ற பரிசோதனை செய்தார்களா? தப்பாக மடிந்த புரதத்தையே நேரடியாகத் தேடும் பரிசோதனை அது. பாசிடிவ் என்று வந்தால் பெரும்பாலும் வேறு நோயாக இருக்காது. அதே நீரில் செய்யும் பழைய 14-3-3 என்ற புரதப் பரிசோதனை மட்டும் பாசிடிவ் என்றால் அவ்வளவு தூரம் நம்ப முடியாது. மூளைக்கு வேறு வகையில் அடிபட்டாலும் அது பாசிடிவ் காட்டும். சந்தேகம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சில நாள் ஸ்டிராய்டு கொடுத்துப் பார்ப்பதில் பெரிய நஷ்டமில்லை, நிறைய இடங்களில் கொடுத்தும் பார்ப்பார்கள். கொடுத்தால் எத்தனை நாளில் பலன் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவார்கள் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஊசி ஒரு நம்பிக்கையாக வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, நர்ஸ்கள் உள்ளே வரத் தயங்குகிறார்கள் என்றீர்களே. கேள்வியில் என்னை அதிகம் வருத்தியது அதுதான்.

தொட்டால் இந்த நோய் ஒட்டாது. மூச்சில் பரவாது. ஒரே அறையில் படுப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, துணி துவைப்பதாலோ, மலம் சிறுநீர் அள்ளுவதாலோ வராது. தனி அறை தேவையில்லை. எந்த நோயாளிக்கும் போடுகிற சாதாரணக் கையுறை போதும். அதுவும் ரத்தமோ கழிவோ படும் வேலைக்குத்தான். தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் வழக்கம்போல் கழுவலாம், துவைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இதையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நோயாளியுடன் பல வருடம் ஒரே கட்டிலில் படுத்த கணவன் மனைவிக்கே இது தொற்றுவதில்லை என்றால் பத்து நிமிஷம் வந்து உடம்பு துடைக்கும் நர்ஸுக்கு என்ன வரப்போகிறது?

பயத்துக்கு ஆதாரம் சுத்தமாக இல்லாமலும் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆபத்து மூளை, தண்டுவடம், கண் ஆகிய திசுக்களில் இருக்கிறது. 1974-இல் கருவிழி மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு அந்தக் கருவிழி வழியாக நோய் வந்தது வெளியானது. 1977-இல் வெளியானது இன்னும் பயங்கரம். வலிப்புக்காக மூளைக்குள் எலெக்ட்ரோடு வைக்கப்பட்ட இரண்டு இளவயதுக்காரர்களுக்கு சி.ஜே.டி. வந்தது. அதே எலெக்ட்ரோடுகளை அதற்கு முன் ஒரு சி.ஜே.டி. நோயாளிக்கு வைத்திருந்தார்கள். கழுவாமல் விடவில்லை, ஆல்கஹாலிலும் ஃபார்மால்டிஹைடு ஆவியிலும் சுத்தம் செய்துதான் வைத்தார்கள். பிரியானுக்கு அவை இரண்டும் போதவில்லை. இறந்தவர்களின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோன் ஊசியாலும் பலருக்கு வந்து, 1985-இல் அதை நிறுத்தினார்கள். பிரான்சில் ஓர் ஆய்வக ஊழியர் 2010-இல் பிரியான் பாதித்த எலியின் மூளையைக் கையாளும்போது கட்டைவிரலில் குத்திக்கொண்டு, 2019-இல் இறந்தார். இவை எல்லாவற்றிலும் மூளையோடு அல்லது அதை ஒட்டிய திசுவோடு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஒன்றில்கூடப் படுக்கை விரிப்பு இல்லை, எச்சில் டம்ளர் இல்லை.

ஆகவே மூளை அறுவை, கண்ணின் உட்புற அறுவை, முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது ஆகியவற்றுக்குத்தான் விசேஷக் கட்டுப்பாடு. ஒரு தடவை பயன்படுத்தி எறியும் கருவிகளை எடுப்பார்கள். திரும்பப் பயன்படுத்தியே தீர வேண்டிய கருவியை 1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊற வைத்து, அழுத்த நீராவியில் ஆட்டோகிளேவ் செய்வது போன்ற கடுமையான முறைகள் இருக்கின்றன. இது ஆபரேஷன் தியேட்டர்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். உங்கள் அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டுகிறவர் கவலைப்பட வேண்டியதே இல்லை.

இதை நீங்கள் போய் ஒவ்வொரு நர்ஸிடமும் விவாதிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று ஒன்று இருக்கும். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம், "அந்தப் பிரிவிலிருந்து யாராவது வந்து ஸ்டாஃப் எல்லோருக்கும் ஒரு தடவை சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். இரவு ஷிஃப்டையும், முக்கியமாகத் துப்புரவுப் பணியாளர்களையும், சேர்க்கச் சொல்லுங்கள். டாக்டர்களுக்கு ஒரு கூட்டம் போட்டுவிட்டு, கட்டிலைத் தொடுகிறவர்களை விட்டுவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அப்புறம், நீங்கள் முகக்கவசம் இல்லாமல், வெறும் கையால், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். எந்தச் சுற்றறிக்கையையும்விட வார்டில் அதுதான் வேலை செய்யும். கதவில் "தொற்று அபாயம்" என்று ஏதாவது ஒட்டியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கருவிகள் பற்றிய எச்சரிக்கை அம்மாவின் கேஸ் ஷீட்டில் இருந்தால் போதும்.

உடம்பு தூக்கிப் போடுவதைப் பற்றி. இதை மயோகுளோனஸ் என்பார்கள். வலிப்பு மாதிரி தெரியும், பார்க்கிற உங்களுக்குத்தான் நெஞ்சு பதறும். குளோனசெபாம், லெவடிராசெட்டம், வால்ப்ரோயேட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பெரும்பாலும் அடங்கும். சுத்தமாக நிற்க வேண்டும் என்று டோஸை ஏற்றிக்கொண்டே போனால் நாள் முழுக்கத் தூங்கிவிடுவார், விழித்திருக்கும் கொஞ்ச நேரமும் போய்விடும். சாப்பிடவும் தூங்கவும் இடைஞ்சல் இல்லாத அளவுக்குக் குறைந்தால் போதும் என்பது என் கருத்து. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யில் இந்த நோய்க்கே உரிய கூரிய அலைகள் நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். அனுபவமில்லாதவர்கள் அதைப் பார்த்துத் தொடர் வலிப்பு என்று எண்ணி, மருந்துமேல் மருந்தாக ஏற்றி நோயாளியை மயக்கத்தில் தள்ளிவிடுவதும் உண்டு. அப்படி ஏதாவது தெரிந்தால் நரம்பியல் டாக்டரை ஒரு தடவை அந்த இ.இ.ஜி.யைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்தைவிடச் சூழ்நிலை முக்கியம். இவர்களுக்குத் திடுக்கிடும் தன்மை ரொம்ப அதிகம். கட்டிலின் பக்கக் கம்பியை "டங்" என்று யாராவது இறக்கினால் போதும், முழு உடம்பும் ஒரு முறை துள்ளி விழும், கண்கள் விரிந்து போகும், மூச்சு வேகமாகும், அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். ட்ராலி தட்டினால், ட்யூப் லைட்டைச் சட்டென்று போட்டால், தூங்குகிறவரின் காலைத் திடீரென்று தொட்டால், இதே கதைதான். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். அதனால் அறைக்கு வருகிறவர்கள் முதலில் மெதுவாகப் பேசிக்கொண்டே வரட்டும். அப்புறம் தோளில் கையை வைத்து, கை அங்கேயே இருக்க, மற்றொரு கையால் வேலையைச் செய்யட்டும். நுனிவிரலால் தொட்டுத் தொட்டு எடுப்பதைவிட அழுத்தமாக வைத்த உள்ளங்கையை உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்ளும். மானிட்டரின் பீப் ஒலியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டுப் பாருங்கள். எண்ணைப் பார்த்து யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்றால் கழற்றிவிடலாம். தனி அறைக்கு ஒரு பிரயோஜனம் உண்டு என்றால் இந்த அமைதிதான்.

பயம், கூச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் சிலருக்கு வரும். சிலருக்குக் கண் நன்றாகவே இருக்கும், ஆனால் மூளையில் பார்வைப் பகுதி கெட்டு எதுவும் தெரியாது. பாவம், இருட்டில் யாரோ வந்து இழுப்பதுபோல இருக்குமோ என்னவோ, கையை வீசுவார்கள். அடம் பிடிக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு முன்னால் பார்வை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலவரத்தை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள் உடம்பின் விறைப்பைக் கூட்டும்; தேவைப்பட்டால் குவெட்டியாபின் போன்றதைக் குறைந்த அளவில் தருவார்கள். கையைக் கட்டிப் போடுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள். தூக்கிப் போடுகிற உடம்பைக் கட்டினால் கட்டிய இடத்தில் தோல் கிழியும், பயமும் கூடும். கட்டிலைத் தாழ்த்தி, பக்கத்தில் மெத்தை போட்டு, ஒருவர் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இனி குழாய். நிறையப் பேர் இதில்தான் வருடக்கணக்கில் மனம் நொந்து கிடக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விழுங்கும் தசைகளின் ஒழுங்கு கெடும்போது புரை ஏறும். முதலில் தண்ணீரில் ஏறும், கெட்டியான உணவில் அல்ல. அப்போது நீர் உணவைக் கொஞ்சம் கெட்டியாக்கி, நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றுக் கீழே இருக்கும்படி, சின்னக் கரண்டியில் ஊட்டினால் சில வாரம் ஓடும். பிறகு வாயில் வைத்ததை அப்படியே வைத்திருப்பார், விழுங்க மாட்டார். அந்தக் கட்டத்தில்தான் டாக்டர் குழாயைப் பற்றிப் பேசுவார். மூக்கு வழிக் குழாயோ, வயிற்றில் துளையிட்டுப் போடும் பெக் குழாயோ, எதுவாயினும் கேள்வி ஒன்றுதான்: யாருக்காக?

முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ, நெஞ்சில் புரையேறி நிமோனியா வருவதைத் தடுப்பதாகவோ, படுக்கைப் புண்ணைக் குறைப்பதாகவோ ஆதாரம் கிடைக்கவில்லை. எச்சிலே புரையேறும், குழாய் போட்டால் எச்சில் நின்றுவிடுமா? வயிற்றுக்குப் போனது மேலேறி வருவதும் உண்டு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் முற்றிய மறதி நோயாளிகளுக்குக் குழாயைப் பரிந்துரைப்பதில்லை. கையால், பொறுமையாக, முடிந்த அளவு ஊட்டச் சொல்கிறது. சி.ஜே.டி.யில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் இந்த நோயாளிகளுக்குக் குழாய் உணவு பரவலாகத் தருகிறார்கள், அங்கே நோயாளிகள் மற்ற நாடுகளைவிட அதிக நாள் உயிரோடும் இருக்கிறார்கள். ஆனால் நீள்வது எந்தப் பகுதி என்று பாருங்கள். கண் திறந்திருக்கும், பேச்சு இருக்காது, அசைவு இருக்காது, கூப்பிட்டால் பதில் இருக்காது. அந்தக் கடைசிக் கட்டம்தான் நீள்கிறது. அம்மா திரும்பப் பேசும் நாட்கள் நீள்வதில்லை.

சிலர் அந்த நாட்களும் வேண்டும் என்பார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் வந்து சேரும்வரை, அல்லது ஸ்டிராய்டு கொடுத்துப் பார்க்கிற இந்தப் பத்து நாள் மட்டும், என்று ஒரு காரணத்துக்காகக் குழாய் போடுவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்படிப் போட்டால், எதற்காகப் போட்டோம், எப்போது மறுபடி யோசிப்போம் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். காரணமில்லாமல், "எல்லாருக்கும் போடுவோம்" என்பதற்காகப் போட்ட குழாயை எடுக்கத்தான் யாருக்கும் தைரியம் வராது. தூக்கிப்போடும் கையால் அவரே அதைப் பிடுங்கி எறிவார், மறுபடி போடுவார்கள், கையைக் கட்டுவார்கள். வாய் வழியாக ஊட்டுவதென்று முடிவு செய்தால், ஒரு நாளைக்கு நாலு கரண்டிதான் போகிறது என்றாலும் அது போதும் என்று மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். "அம்மாவைப் பட்டினி போட்டுவிட்டோம்" என்று பிறகு யாராவது சொந்தக்காரர் சொல்வார். சாகும் தறுவாயில் உடம்பே உணவைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. பசியில் அவர் துடிக்கவில்லை. வாய் காய்வதுதான் உபத்திரவம். இரண்டு மணிக்கொரு தடவை ஈரப்பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டுக்கு வாசலின் தடவினால் அது தீரும். இந்த வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா நின்று பார்ப்பதைவிட அது ரொம்ப மேல்.

படுக்கைப் புண்ணைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை: காற்று மெத்தை, இரண்டு மணிக்கொரு தடவை புரட்டுவது, ஈரத் துணியை உடனே மாற்றுவது. உடம்பு உரசி உரசித் துள்ளுவதால் இவர்களுக்கு முழங்கை, குதிகால், காதோரம் முதலில் சிவக்கும். நர்ஸ்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் அந்த இடங்களைப் பாருங்கள். திடீரென்று அமைதியிழந்து புரண்டால் சிறுநீர் கட்டியிருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. முகம் சுளிப்பதும், புரட்டும்போது முனகுவதும்தான் அவருடைய பேச்சு.

இன்னொரு பேச்சையும் இந்த வாரமே பேசிவிடுங்கள். மூச்சு நின்றால் மார்பை அழுத்தி, குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வைக்கப்போகிறார்களா? நிமோனியா வந்தால் ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவார்களா? இந்த நோயாளிகள் பெரும்பாலும் நிமோனியாவில்தான் போகிறார்கள். அதனால் இந்தக் கேள்வி வரத்தான் போகிறது, அநேகமாக நடுராத்திரியில், அம்மாவை முன்பின் பார்த்திராத டியூட்டி டாக்டர் முன்னால். அவர் சட்டப்படி தனக்குப் பாதுகாப்பானதைத்தான் செய்வார். என் கருத்தைக் கேட்டால், சி.ஜே.டி. உறுதியானவருக்கு வென்டிலேட்டரால் கிடைப்பது எதுவுமில்லை; மார்பு அழுத்தத்தில் விலா எலும்பு முறிவதுதான் மிச்சம். ஆன்டிபயாடிக் விஷயம் அப்படி ஒரே அடியாகச் சொல்ல முடியாது. ஆரம்பத்தில், இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கிற கட்டத்தில், ஊசி போட்டுப் பார்க்கலாம். பேச்சும் அசைவும் நின்றபின் வருகிற நிமோனியாவுக்கு மூச்சுத்திணறலை மட்டும் தணித்தால் போதும் என்று பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. அம்மா நன்றாக இருந்தபோது இப்படிப்பட்ட விஷயத்தில் ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று யோசியுங்கள். "என்னை இழுத்துக்கிட்டுக் கிடக்க விடாதீங்க" என்று போகிற போக்கில் சொன்னதுகூடக் கணக்கில் வரும். குடும்பத்தில் ஒருவர் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு டாக்டரிடம் ஆளுக்கொன்று சொன்னால் கடைசியில் எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். முடிவெடுத்ததை எழுத்தில் வைத்து, உங்கள் நாட்டுச் சட்டத்தில் அதற்கு என்ன படிவம் உண்டோ அதில் கையெழுத்தும் வாங்கிவிடச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்றீர்கள். நோய் எது என்று உறுதியாகும்வரை, தூக்கிப்போடுவதும் கலவரமும் மருந்தில் அடங்கும்வரை, வீட்டில் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்வரை ஆஸ்பத்திரி தேவை. அதற்குமேல் வீடோ, கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் இல்லமோ, ஆஸ்பத்திரியின் பாலியேட்டிவ் கேர் படுக்கையோ எது முடியுமோ அது. வீட்டில்தான் வைத்துப் பார்க்க வேண்டும், அதுதான் பாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரவும் பகலும் புரட்ட இரண்டு பேர், கூப்பிட்டால் வரும் நர்ஸ் ஒருவர், கையில் மருந்து, இந்த மூன்றும் இருந்தால் வீடு நல்லது. இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் பார்த்துக்கொள்கிறவரும் சேர்ந்து விழுவார். எங்கே போனாலும், பாலியேட்டிவ் கேர் டீமை இப்போதே பார்க்க வேண்டும். "கடைசியில் கூப்பிடலாம்" என்பார்கள். இந்த நோயில் அந்தக் கடைசி சீக்கிரமே வந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆகும்போது, வாயால் விழுங்க முடியாத நாளில் எந்த மருந்தை எந்த வழியில் கொடுப்பது என்பதை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். தூக்கிப்போடுவதற்கான மாத்திரையை விழுங்க முடியாமல் திடீரென்று நிறுத்தினால் ராத்திரியே திரும்ப எமர்ஜென்சிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். தோலுக்கடியிலோ, நாக்குக்கடியிலோ, ஆசனவாய் வழியாகவோ கொடுக்கும் மாற்று மருந்துகள் இருக்கின்றன.

கடைசி நாட்களில் மூச்சு ஒழுங்கில்லாமல் போகும், இடையிடையே நிற்கும், தொண்டையில் சளி "கர்கர்" என்று சத்தமிடும். கேட்க முடியாத சத்தம் அது. ஆனால் நோயாளிக்கு அநேகமாக அது தெரிவதில்லை. பக்கவாட்டில் படுக்க வைத்தாலே பாதி குறையும். கிளைகோபைரோலேட் போன்ற ஊசி சளியைக் குறைக்கும். சக்ஷன் குழாயை விட்டு விட்டு உறிஞ்சுவது பெரும்பாலும் துன்பத்தைத்தான் கூட்டும், அதை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மூச்சுத்திணறலுக்குச் சிறிய அளவு மார்ஃபின் தருவார்கள். அளவறிந்து கொடுத்த மார்ஃபின் ஆளைக் கொல்லாது, நோய்தான் கொல்கிறது. இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஊசிக்குப் பக்கத்தில் நின்றவர் ஆயுள் முழுக்க அதைச் சுமப்பார்.

இறந்த பிறகு உடம்பைத் தொடலாம், முத்தமிடலாம், குளிப்பாட்டலாம். புதைக்கவோ எரிக்கவோ தடையில்லை. மூளையைப் பரிசோதனைக்கு எடுத்திருந்தால் மட்டும் சவக்கிடங்கில் சொல்கிற கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்ல மூளைத் திசுவைப் பார்த்தாக வேண்டும் என்பதால், முடிந்தால் யோசித்து வையுங்கள், கட்டாயமில்லை.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். சி.ஜே.டி. வந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு எந்தக் காரணமும் இல்லாமல், தானாகவே வருகிறது. அம்மா எதையோ சாப்பிட்டதால் வந்ததா, எதையோ செய்ததால் வந்ததா என்று தேட வேண்டாம். மாட்டிறைச்சியோடு தொடர்புள்ள வகை 1996-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. அது வேறு நோய், பெரும்பாலும் இளவயதினருக்கு வந்தது, போக்கும் வேறு. பத்து முதல் பதினைந்து சதவீதம் பேருக்குப் பி.ஆர்.என்.பி. என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அது இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த மாற்றம் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி வந்ததில்லை என்பதால் மட்டும் மரபணு வகை இல்லை என்று சொல்லிவிட முடியாது. முன்னோர்களுக்கு வந்தது வேறு மறதி நோய் என்று போயிருக்கலாம். அம்மாவின் ரத்தத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். ஆனால் அதன் முடிவு அவரோடு நிற்காது, உங்கள் எல்லோரையும் பற்றியது. தடுக்கிற மருந்தும் இன்று இல்லை. அதனால் மரபியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று உங்களில் ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். ரத்தத்தை எடுத்துச் சேமித்து மட்டும் வைத்துக்கொண்டு, பரிசோதனையைப் பிறகு முடிவு செய்யவும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்; இப்போது இருக்கும் மனநிலையில் எடுக்க வேண்டிய முடிவு அல்ல அது. மரபணு வகை இல்லை என்று தெரியும்வரை தம்பி ரத்த தானம் செய்ய வேண்டாம். பல நாடுகளில் ரத்த வங்கிகளே இதைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும்.